கடலோரச் சரணாலயத்தில் பராமரிப்புப் பொறுப்பா? கோடியக்கரையை வைத்து ஒரு வழிகாட்டி

கோடியக்கரை வன உயிரினச் சரணாலயம் போன்ற கடலோரக் காப்பிடம் ஒன்றில் கட்டடம், தண்ணீர், மின்சாரம், பார்வையாளர் வசதி எல்லாம் உங்கள் தலையில் வந்து விழுந்திருக்கிறதா? புதிதாக மாறுதலாகி வந்த வனவரோ, சூழல் மேம்பாட்டுக் குழுவின் மேலாளரோ, ஒப்பந்த மேற்பார்வையாளரோ, யாராக இருந்தாலும் முதல் வருடம் இடறும் இடம் ஒன்றுதான். அரசுக் கணக்கு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. கடற்கரைக்கோ அக்டோபரில் மழை, நவம்பரில் புயல், ஜனவரியில் ஆமை, ஜூனில் மணல்காற்று. பணம் வரும் மாதத்தில் வேலை செய்ய முடியாது. வேலை செய்ய முடிந்த மாதத்தில் பணம் இருக்காது. இந்த முடிச்சை அவிழ்க்கும் வழிதான் கீழே இருப்பதில் பாதி. மீதிப் பாதி உப்பு.

1. முதல் வாரம்: தாளும் சாவியும்

பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் கையெழுத்துப் போடும் முன் இருப்புப் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பொருளையும் நேரில் பாருங்கள். "ஜெனரேட்டர் 1, நல்ல நிலை" என்று எழுதியிருந்தால் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். கையெழுத்துப் போட்ட மறுநாள் அது ஓடவில்லை என்றால் உங்கள் காலத்தில் பழுதானதாகத்தான் தணிக்கையில் நிற்கும். ஓடாத பொருளை "பயன்பாட்டில் இல்லை" என்று அன்றே எழுதி, முன்னவரிடம் கையெழுத்து வாங்குங்கள்.

கையில் இருக்க வேண்டிய தாள்கள் இவை: ஒப்புதல் பெற்ற மேலாண்மைத் திட்டத்தின் நகல், நடப்பு ஆண்டுச் செயல் திட்டம், சரணாலய எல்லை வரைபடம், ஒவ்வொரு கட்டடத்தின் மதிப்பீடும், செய்த வேலையை அளந்து எழுதிய அளவுப் புத்தகப் பக்கமும், மின் இணைப்பு எண்கள், வாகன லாக் புத்தகம், தீயணைப்பானின் கடைசி நிரப்புத் தேதி. கட்டடத்தின் பழைய மதிப்பீடு எதற்கு என்று தோன்றும். பழுது பார்க்கும்போது "இந்தக் கட்டடம் ஏற்கெனவே இங்கே இருந்தது" என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடையாது.

மின் கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும். இணைப்பு ஒவ்வொன்றும் எந்தக் கட்டணப் பிரிவில் இருக்கிறது என்று பாருங்கள். காவலர் குடியிருப்பும் பார்வையாளர் விடுதியும் ஒரே மீட்டரில் ஓடினால் வருடக்கணக்கில் கூடுதலாகக் கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

நுழைவுக் கட்டணம் அரசுக் கணக்கில் சேர வேண்டியதா, குழுவின் வங்கிக் கணக்கில் சேர வேண்டியதா என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இரண்டு ரசீதுப் புத்தகம், இரண்டு பெட்டி. ஒன்றிலிருந்து எடுத்து இன்னொன்றின் செலவைச் சமாளிக்கும் பழக்கம் எவ்வளவு அவசரத்திலும் வேண்டாம்.

2. பழுதா, புது வேலையா? அனுமதியின் கோடு

ஓடு மாற்றுவது, பெயின்ட் அடிப்பது, உடைந்த குழாயைச் சரிசெய்வது எல்லாம் பராமரிப்பு. மேலாண்மைத் திட்டத்தில் இடமிருந்தால் சரகர், வன உயிரினக் காப்பாளர் மட்டத்தில் முடியும். புது அடித்தளம் தோண்டினாலோ, வாய்க்காலைத் திருப்பினாலோ, மரம் வெட்டினாலோ கதை வேறு.

வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் 29-ஆம் பிரிவு வாழிடத்தைச் சிதைப்பதையும், சரணாலயத்துக்குள் வரும் போகும் நீரோட்டத்தைத் தடுப்பதையும் திருப்புவதையும் தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி இல்லாமல் செய்யக் கூடாது என்கிறது. விடுதி வாசலில் தேங்கும் தண்ணீரை வடியவைக்க ஜேசிபி வைத்து ஒரு வாய்க்கால் வெட்டுவது உங்களுக்குச் சின்ன வேலை. சதுப்பு நிலத்தில் அது நீரோட்டத்தை மாற்றும் வேலை. 33-ஆம் பிரிவின்படி வணிக நோக்கிலான சுற்றுலா விடுதி, அரசு விடுதியாகவே இருந்தாலும், தேசிய வன உயிரின வாரியத்தின் முன் ஒப்புதல் இல்லாமல் எழுப்ப முடியாது. 2022 திருத்தத்துக்குப் பிறகு இதில் சந்தேகத்துக்கே இடமில்லை.

அடுத்தது கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம். 2019 அறிவிக்கையில் சரணாலயம், சதுப்புநிலக் காடு, ஆமை முட்டையிடும் கரை எல்லாம் 1-ஏ வகையில் வருகின்றன. அங்கே இயற்கை நடைபாதை, சதுப்புக்காட்டு நடைமேடை போன்றவற்றுக்கு மட்டும் வழி உண்டு. அதுவும் ஒப்புதல் பெற்ற கடற்கரை மேலாண்மைத் திட்டத்தில் சூழல் சுற்றுலாத் திட்டம் இடம்பெற்றிருந்தால். வரைபடத்தில் உங்கள் இடம் எந்த வண்ணத்தில் இருக்கிறது என்று பார்க்காமல் மதிப்பீடு போட்டால், போட்ட உழைப்பு வீண்.

பலரும் கோட்டை விடும் பிரிவு 32. வன உயிருக்குத் தீங்கு செய்யக்கூடிய ரசாயனம் எதையும் சரணாலயத்தில் பயன்படுத்தக் கூடாது. விடுதியில் எலித்தொல்லை என்று எலிப்பாஷாணம் வைப்பது இதில்தான் வருகிறது. செத்த எலியை ஆந்தை தின்னும், நரி தின்னும். பொறிக்கூண்டு வையுங்கள், கதவுக்கு அடியில் தகடு அடியுங்கள். கரையான் மருந்தும் அப்படியே: மண்ணில் ஊற்றாமல், மரத்தை வாங்கும்போதே பதப்படுத்தியதாக வாங்குங்கள்.

3. காலண்டரைப் பின்னாலிருந்து போடுங்கள்

மழைக்கு முன் கூரை வேலை முடிய வேண்டும் என்றால் செப்டம்பர் 15-தான் கடைசி நாள் என்று வைத்துக்கொண்டு பின்னோக்கி எண்ணுங்கள். வேலைக்கு 45 நாள். பணி ஆணை, ஒப்பந்தம் எழுத 15 நாள். ஒப்பந்தப்புள்ளி திறந்து, சரிபார்த்து, முடிவெடுக்க 20 நாள். தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மை விதிகளின்படி 2 கோடி ரூபாய் வரையிலான வேலைக்குக் குறைந்தது 15 நாள் அவகாசம் தர வேண்டும். அதற்கு மேல் 30 நாள். 15 நாள் அவகாசத்தை வைத்துக் கூட்டிப் பாருங்கள்: 95 நாள். ஜூன் 12-க்குள் அறிவிப்பு வெளிவந்தாக வேண்டும். அப்படியானால் தொழில்நுட்ப ஒப்புதல் ஏப்ரலில், மதிப்பீடு பிப்ரவரியில், சேதங்களை அளந்து குறிப்பது டிசம்பர், ஜனவரியில். மழை பெய்யும்போதுதான் கூரை எங்கே ஒழுகுகிறது என்று தெரியும். நவம்பரில் சாக்குக்கட்டியால் சுவரில் தேதி போட்டுக் குறித்துவிடுங்கள்.

மத்திய அரசின் வன உயிரின வாழிட மேம்பாட்டுத் திட்டத்தில் வரும் நிதி 60-க்கு 40 என்று மத்திய, மாநில அரசுகளுக்கிடையே பிரிகிறது. ஆண்டுச் செயல் திட்டத்தில் இல்லாத வேலைக்கு அதிலிருந்து காசு வராது. பணம் தவணையாக, பெரும்பாலும் ஆண்டின் பின்பாதியில் வந்து சேரும் என்று வைத்தே திட்டமிடுங்கள். பின்பாதித் தவணைக்கு மழை பாதிக்காத வேலைகளை ஒதுக்குங்கள்: பெயின்ட், வேலி, நடைபாதைப் பலகை, சோலார் உதிரி. இவற்றை ஜனவரி 15 முதல் மார்ச் 20-க்குள் முடித்துப் பட்டியல் (பில்) வைத்துவிடலாம். மார்ச் கடைசி வாரத்தில் கருவூலத்தில் நிற்கும் கூட்டத்தில் நீங்களும் ஒருவராக வேண்டாம்.

மதிப்பீட்டில் விடுபடுபவை: 3,00,000 ரூபாய் கட்டட வேலை என்றால் ஜிஎஸ்டி 18 சதவீதம், 54,000. தொழிலாளர் நல நிதி 1 சதவீதம், 3,000. ஆக 3,57,000. இதோடு லீடு, அதாவது பொருளைத் தளத்துக்குக் கொண்டுவரும் தூரத்துக்கான கூலி. ஜல்லி, எம்-சாண்ட், சிமென்ட் எல்லாம் வேதாரண்யம் தாண்டி வருகின்றன. குவாரியிலிருந்து கோடியக்கரைவரை உள்ள முழுத் தூரத்துக்கும் வண்டி வாடகை சேருங்கள். நல்ல தண்ணீர் லாரியையும் தனி இனமாகப் போடுங்கள். இந்த இரண்டையும் சேர்க்காத மதிப்பீட்டுக்கு ஒப்பந்தக்காரர் ஒத்துக்கொண்டால், அவர் எதைக் குறைக்கப்போகிறார் என்று யோசியுங்கள்: கடல் மணல், உப்புத் தண்ணீர்.

பட்டியலில் பிடித்தங்களையும் முன்பே சொல்லிவிடுங்கள். ஒப்பந்த மதிப்பு 2.5 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டியில் 2 சதவீதம். அது தவிர, வருமான வரியில் தனிநபருக்கு 1 சதவீதம், நிறுவனத்துக்கு 2 சதவீதம். சொல்லாவிட்டால் கடைசி நாளில் சண்டை.

4. உப்பு: இரும்பும் கான்கிரீட்டும்

கரையிலிருந்து சில நூறு மீட்டருக்குள் இருக்கும் எந்த இரும்பும் ஊரில் இருப்பதைவிடப் பல மடங்கு வேகமாகத் துருவேறும். எனவே வாங்கும்போதே முடிவெடுக்க வேண்டிய விஷயம் இது.

கண்காணிப்புக் கோபுரம், நடைமேடை, சோலார் தாங்கி மூன்றுக்கும் உருக்கிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த இரும்புதான். துத்தநாகப் பெயின்ட் அடித்ததை ஒத்துக்கொள்ளாதீர்கள். முக்கியெடுத்த பிறகு தளத்தில் வெல்டிங் வைத்தால் அந்த இடம் வெறும் இரும்பு. முதலில் துருவேறுவது அதுதான். போல்ட் போட்டு இணைக்கும்படி வரைபடத்திலேயே கேளுங்கள்.

போல்ட், நட்டு எல்லாம் எவர்சில்வரில் 316 வகை (எஸ்.எஸ். 316). கடையில் 304-ஐக் கொடுத்துவிட்டு "காந்தம் ஒட்டவில்லை பாருங்கள், அசல்" என்பார்கள். 304-ம் காந்தத்தில் ஒட்டாது, 316-ம் ஒட்டாது. அந்தச் சோதனையால் பயனில்லை. போல்ட்டின் தலையைப் பாருங்கள்: ஏ2 என்று பொறித்திருந்தால் 304, ஏ4 என்றிருந்தால் 316. பொறிப்பே இல்லாத போல்ட்டைத் திருப்பி அனுப்புங்கள். அலுமினியச் சட்டத்தில் எவர்சில்வர் போல்ட் போடும் இடத்தில் நைலான் வாஷர் வையுங்கள்; இல்லாவிட்டால் உப்பு ஈரத்தில் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகும்.

கான்கிரீட்டுக்கு ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தரநிலையைப் பிடித்துக்கொள்ளுங்கள். கடலோரச் சூழலுக்குக் கான்கிரீட்டின் வலிமைத் தரம் குறைந்தது எம்30, கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் மூடல். கடல்நீர்த் தூவல் நேரடியாகப் படும் இடத்தில் எம்35, 50 மில்லிமீட்டர். அலை ஏறி இறங்கும் இடத்தில் எம்40, 75 மில்லிமீட்டர். ஊர்க் கொத்தனாரின் கை வழக்கம் 20, 25 மில்லிமீட்டர்தான். கான்கிரீட் போடும் முன், கம்பிக்கு அடியில் வைக்கும் கவர் பிளாக்கை ஸ்கேல் வைத்து அளந்து படம் எடுத்துவிடுங்கள். கான்கிரீட் போட்டபின் யாராலும் எதையும் நிரூபிக்க முடியாது. கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு ஆகாது. கோடியக்கரையின் ஆழ்துளைத் தண்ணீரைச் சோதிக்காமல் நம்பாதீர்கள். ஈரம் காக்கும் பத்து நாளும் நல்ல தண்ணீர்தான்; உப்புத் தண்ணீரை ஊற்றினால் புதுக் கான்கிரீட் அதை உறிஞ்சிக்கொள்ளும்.

பெயின்ட்டுக்கு ஏற்ற மாதங்கள் பிப்ரவரி, மார்ச், ஏப்ரல். ஜூன் முதல் தென்மேற்குக் காற்றில் பறக்கும் மணல் ஈரப் பெயின்ட்டில் ஒட்டி உப்புத்தாளாக்கிவிடும். இரும்பைச் சுரண்டியபின் நல்ல தண்ணீரால் கழுவிக் காயவிட்ட பிறகே முதல் பூச்சு. கழுவாமல் அடித்தால் உப்பு அடியில் தங்கி ஆறே மாதத்தில் கொப்புளம் எழும். துத்தநாகம் மிகுந்த எப்பாக்சி முதல் பூச்சு, நடுவில் எப்பாக்சி, மேலே பாலியூரித்தேன். மூன்றும் சேர்ந்து 250 முதல் 300 மைக்ரான். காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அடிக்கக் கூடாது. நடைமுறையில், பனி காய்ந்த காலை பத்து மணிக்குத் தொடங்கி மூன்று மணிக்கு நிறுத்த வேண்டும். "காலையில் வெயிலுக்கு முன்னாடி அடிச்சிரலாம் சார்" என்பவரைத் தடுங்கள்.

கோபுரத்தை ஆண்டுக்கு இரண்டு முறை, மழைக்கு முன்னும் பின்னும், சுத்தியலால் தட்டிப் பாருங்கள். மணி போல ஒலித்தால் சரி. 'தொப்' என்றால் உள்ளே துரு. ஒரே நேரத்தில் எத்தனை பேர் ஏறலாம் என்பதைப் பொறியாளரிடம் எழுத்தில் வாங்கிக் கீழேயே பலகை வையுங்கள்.

5. மின்சாரம்

மின் பகிர்வுப் பெட்டி (டிபி) தகரத்தில் வேண்டாம், பாலிகார்பனேட். ஒவ்வொரு சுற்றுக்கும் மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி.; மாதம் ஒருமுறை அதன் சோதனைப் பொத்தானை அழுத்துங்கள். உப்பில் உள்ளே ஒட்டிக்கொண்டு, தேவைப்படும்போது விழாமல் நிற்கும் பழக்கம் அதற்கு உண்டு. எர்த் கம்பி செம்பு பூசியதாக இருக்கட்டும். எர்த்தின் மின்தடை அளவை மே மாதத்தில் எடுங்கள். மண் காய்ந்திருக்கும் மோசமான நாளில் நன்றாக இருந்தால்தான் நன்றாக இருப்பதாகப் பொருள்.

சோலார் பலகை தெற்கு நோக்கி 10 முதல் 15 டிகிரிச் சாய்வு. வாரம் ஒருமுறை விடியற்காலையில் நல்ல தண்ணீரால் கழுவல். பேட்டரிக்குக் காய்ச்சி வடித்த நீர் மட்டும், ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றுபவர்கள் இருக்கிறார்கள். முனையில் வாஸ்லின் தடவுங்கள்.

ஜெனரேட்டரை வாரம் 20 நிமிடம் ஓட்டுங்கள், அதுவும் மோட்டார், விளக்கு என்று பாரம் கொடுத்து. வெறுமனே ஓட்டினால் புகைக்குழாயில் கரியும் எண்ணெயும் படியும். 15 கேவிஏ ஜெனரேட்டர் முக்கால் பாரத்தில் மணிக்குச் சுமார் 3 லிட்டர் டீசல் குடிக்கும். புயலுக்குப் பின் மின்சாரம் வரப் பல நாள் ஆகும் என்று கணக்கிட்டு, தினம் ஆறு மணி நேரம் வீதம் பத்து நாளுக்கு 180 லிட்டர். அதில் பாதியையாவது அக்டோபர் முதல் தேதியில் இருப்பில் காட்டுங்கள்.

6. தண்ணீரும் கழிவறையும்

குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை தரநிலை அனுமதிக்கிறது. கையளவு மீட்டர் ஒன்று வாங்கி, லாரி தண்ணீரைத் தொட்டியில் இறக்கும் முன் அளவு பார்த்துப் பதிவேட்டில் எழுதுங்கள். 1,000 லிட்டர் தொட்டிக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர், கரைத்துத் தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, அரை மணி நேரம் விட்டு, கடைசிக் குழாயில் குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்கிறதா என்று பாருங்கள். கடலோர ஈரத்தில் திறந்த மூட்டை சீக்கிரம் வீரியம் இழக்கும். பெரிய மூட்டை மலிவு என்று வாங்க வேண்டாம்.

கழிவறையில் பெரிய சிக்கல் மழைக்காலத்தில்தான். நிலத்தடி நீர் மேலேறி, உறிஞ்சு குழி நிரம்பி, தண்ணீர் திரும்பி வரும். செப்டம்பரில் தொட்டியைக் காலி செய்துவிடுங்கள். உறிஞ்சு குழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் குறைந்தது 18 மீட்டர் இடைவெளி வேண்டும். மணலில் கழிவுநீர் வேகமாக ஓடும் என்பதால் இடம் இருந்தால் அதைவிடக் கூட்டுங்கள்.

7. குரங்கு, குப்பை, அமாவாசை

மூடி இல்லாத தொட்டி குரங்குக்குக் குளியல் தொட்டி. திருகு மூடி, அதன் மேல் பூட்டு. குப்பைத் தொட்டியை எங்கும் வைக்காதீர்கள். நுழைவாயிலில் மட்டும், உள்ளே தள்ளும் கதவு வைத்தது. பாட்டிலுக்கு வில்லை ஒட்டிப் பத்து ரூபாய் முன்பணம் வாங்கித் திரும்பும்போது கொடுப்பது அபராதத்தைவிட நன்றாக வேலை செய்கிறது. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதலே மாநிலத்தில் தடை; தண்ணீர் பாட்டில் அந்தப் பட்டியலில் இல்லாததால்தான் இந்த ஏற்பாடு.

ஆடி அமாவாசையும் தை அமாவாசையும் கோடியக்கரையில் கடலாடும் நாள்கள். பத்து நாள் முன்பே ஊராட்சி, காவல்துறை, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் மூன்றுக்கும் கடிதம் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள். தற்காலிகக் கழிவறை, வாகன நிறுத்தம், கடலில் விட்ட துணிகளை அன்று மாலையே வாரும் ஆள்கள்: இந்த மூன்றுக்கும் யார் செலவு என்பது கடிதத்திலேயே இருக்கட்டும். துணி ஒரு இரவு கிடந்தால் மணலில் புதைந்துவிடும். தை அமாவாசை ஆமைப் பருவத்தில் வருகிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

8. ஆமைப் பொரிப்பகம்

பங்குனி ஆமைகள் ஜனவரி முதல் முட்டையிட வரும். முட்டையைத் தொட வனத்துறையும் அதன் எழுத்து அனுமதி பெற்றவரும் மட்டுமே முடியும். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணை 1-இல் உள்ள உயிர் அது. பொரிப்பகத்தை டிசம்பருக்குள் எழுப்புங்கள்: உயர் அலைக்கோட்டுக்கு மேலே, சென்ற வருடம் இருந்த அதே மணலில் அல்லாமல். சவுக்குக் கம்பு, சுற்றிலும் வலை. வலையை 30 சென்டிமீட்டர் மண்ணுக்குள் புதைத்தால் நாயும் நண்டும் எளிதில் நுழையாது.

முட்டையிட்ட சில மணி நேரத்துக்குள் மாற்ற வேண்டும். உருட்டாமல், இருந்த திசை மாறாமல். குழி 45 சென்டிமீட்டர் ஆழம், அடியில் குடம் போல் அகன்றது, குழிக்குக் குழி 1 மீட்டர். ஒவ்வொன்றிலும் தேதி, எண்ணிக்கை எழுதிய பலகை. 45 முதல் 60 நாளில் பொரியும். 43-ஆம் நாள் குழியின் மேல் கூடையைக் கவிழ்த்துவிடுங்கள். மார்ச், ஏப்ரலில் மணல் வெப்பம் 34 டிகிரிக்கு மேல் நீடித்தால் முட்டை கெடும், நிழல்வலை போடுங்கள்.

குஞ்சுகளை வாளித் தண்ணீரில் போட்டு வைத்து மாலையில் விருந்தினர் முன் விடும் வழக்கம் தவறு. நீந்த வேண்டிய தெம்பு வாளியிலேயே தீர்ந்துவிடும். இருட்டிலேயே, ஈர மணலில் சில மீட்டர் தாமாக நடக்கவிட்டு, தினம் வெவ்வேறு இடத்தில் விடுங்கள். விடுதியின் கடல் பக்க விளக்குகளை ஜனவரி முதல் ஜூன்வரை அணைத்தே வைக்கலாம்.

9. புயல்

வானிலைத் துறை 72, 48, 24, 12 மணி நேரம் என நான்கு கட்டமாக எச்சரிக்கிறது. உங்கள் வேலையையும் அப்படியே பிரியுங்கள்.

72 மணி: டீசல், குடிநீர், அரிசி, மரம் அறுக்கும் இயந்திரத்துக்குச் சங்கிலி. பார்வையாளர் முன்பதிவை ரத்து செய்யுங்கள். ஒவ்வொரு கட்டடத்தையும் நான்கு பக்கமும் தேதி தெரியப் படம் எடுங்கள்.
48 மணி: சோலார் பலகையின் பிடிப்புகளை இறுக்குதல், பெயர்ப்பலகைகளைக் கழற்றுதல், படகையும் வண்டியையும் மேட்டுக்கு நகர்த்துதல். பதிவேடுகள் பிளாஸ்டிக் டிரம்மில்.
24 மணி: கரையோரக் காவல் முகாம்களைக் காலி செய்யுங்கள். தொட்டிகளை முழுதும் நிரப்புங்கள். காலித் தொட்டி பறக்கும்.
12 மணி: மின்சாரத்தை முதன்மைச் சுவிட்சில் அணைத்துவிட்டு எல்லோரும் கான்கிரீட் கூரைக்குள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலம் 1070, கடலோரக் காவல் 1093.

2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையேறிய கஜாவுக்குப் பின் மரம் விழுந்து பாதைகள் அடைபட்டன. வெளியிலிருந்து உதவி வரும் என்று காத்திருக்காமல், உள்ளிருந்து வெளியே வெட்டிக்கொண்டு வரும் கருவி முகாமிலேயே இருக்க வேண்டும்.

ஓய்ந்தபின் முதல் வேலை சேதத்தை எழுதுவது. எதையும் அகற்றும் முன் அதே நான்கு கோணத்தில் மறுபடி படம் எடுங்கள். விழுந்த மரத்துக்கு எண், இனம், சுற்றளவு. கட்டடத்துக்கு உடைந்த ஓட்டின் எண்ணிக்கை. இறந்த வெளிமானையோ பறவையையோ கால்நடை மருத்துவர் பார்த்துச் சான்று தரும்வரை புதைக்க வேண்டாம். நிவாரண நிதிக்கான மதிப்பீட்டை அனுப்ப மாவட்டத்தில் தரும் அவகாசம் மிகக் குறுகியதாக இருக்கும். படமும் அளவும் தயாராக இருந்தால் ஒரே மாலையில் எழுதி அனுப்பிவிடலாம். அனுப்பிய கடிதத்தின் எண்ணையும் தேதியையும் பதிவேட்டின் முதல் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். அடுத்த பிப்ரவரியில் மதிப்பீடு போடும்போது அதைத்தான் முதலில் கேட்பார்கள்.